பதினேழு குறைகளோடு ஒரு பிரெஞ்சு மேசை

சித்திக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். குண்டூசிகளை எடுத்து உதட்டுக்கிடையே கவ்விக்கொள்வாள். தையல்காரிக்கு அது தொழில் பழக்கம்தான். ஆனால் கையில் துணியே இல்லாத நேரத்திலும் வாயில் ஊசி இருந்தால், சித்தப்பா ஏதோ சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். போன வருஷம் பாதிக்கு மேல் அவள் வாயில் ஊசியோடுதான் இருந்தாள்.

காரணம் ஒரு மேசை.

சித்தி என் அம்மாவுக்கு அடுத்தவள். பதினெட்டு வயதில் சட்டைக் கம்பெனியில் சேர்ந்து ஒன்பது வருஷம் பொத்தான் காஜா மட்டும் எடுத்தாள். முழுச்சட்டை ஒன்றுகூட அவள் கையில் கொடுக்கவில்லை. கல்யாணம் ஆகி மகன் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய மிஷினை வாங்கி வீட்டிலேயே போட்டாள். மருந்துக்கடைக்கு மேல் மாடி, முன்னறை, ஒரு ஜன்னல். பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரி நர்ஸ் கோட்டு, ஹோட்டல் பரிமாறுகிறவர்களின் அரைக்கோட்டு என்று எது வந்தாலும் தைப்பாள். தெருவில் அவளுக்கு டெய்லரம்மா என்று பேர். மகனைப் படிக்கவைத்து வெளியூர் வேலைக்கு அனுப்பியதும் அந்த மிஷின்தான். அவள் சொன்ன தேதியில் துணி வரவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

சித்தப்பா நில அளவை ஆபீசில் வரைபடம் போட்டவர். அங்கே அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பேர். வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போடச் சொன்னால்கூட ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுத்தான் போடுவார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அயல்நாட்டுக் கம்பெனி மேலாளர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது, அங்கே சாமான்களை ஏலம் விட்டார்கள். சித்தப்பா ஒரு மேசை விளக்கு வாங்கப் போனார். விளக்கு வரவில்லை. வண்டியில் இந்த எழுதுமேசை வந்தது.

பிரெஞ்சு மேசை. நாலு கால், நாலும் மெலிந்து வளைந்தவை, பாதத்தில் பித்தளைப் பூண். மேலே பின்பக்கமாக ஒரு குட்டி அலமாரி, அதில் மூன்று மூன்றாக ஆறு சின்ன இழுப்பறை. மேசைப் பலகை முழுக்க மரப்பதிப்பு வேலை. தாள் மாதிரி மெல்லிசாகச் சீவிய பல நிற மரத்தை வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தி ஒட்டி, ஒரு கூடை நிறையப் பூவும் கூடை விளிம்பில் ஒரு பறவையும் செய்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வண்ணம் தீட்டியதுபோல் இருக்கும். கிட்டத்தில் போனால்தான் ஒவ்வொரு இதழும் தனித்தனி மரம் என்று தெரியும். வந்த அன்று அதில் நாற்பது துண்டுக்கு மேல் காணோம். பறவைக்கு ஒரு சிறகு இல்லை.

"அழகாத்தான் இருக்கு. எங்க வைக்கிறது?" என்று கேட்டாள் சித்தி.

கேள்வி அங்கேதான் நின்றது. முன்னறையில் ஒரு சுவர் குளியலறைச் சுவர், ஈரம். ஒன்றில் கதவு, ஒன்றில் ஜன்னல். மிச்சம் ஒரே சுவர். சித்தி துணி வெட்டும் மேசை போட எண்ணி வைத்திருந்த சுவர். பிரெஞ்சு மேசை அங்கே உட்கார்ந்தது. அதற்கு நேரே ஜன்னல். காலையிலிருந்து மத்தியானம் வரை வெயில் நேராக அதன்மேல் விழும்.

"வெயில் பட்டா நிறம் போயிடும்" என்று சித்தப்பா கெட்டித் திரை ஒன்று மாட்டினார். "அந்த இலையெல்லாம் ஒரு காலத்துல பச்சை. வெயில்லதான் பழுப்பாச்சு."

"பழுப்பானது பழுப்பாயிடுச்சு. இன்னும் என்ன ஆகும்?"

"இன்னும் பழுப்பாகும்."

அவ்வளவுதான். பதினோரு வருஷம் சித்தி பட்டப்பகலில் குண்டு பல்பு வெளிச்சத்தில் தைத்தாள். துணியைத் தரையில் விரித்து, குந்தி உட்கார்ந்து, தவழ்ந்து தவழ்ந்து வெட்டினாள். "நகர்த்திப் பாக்கலாமே" என்றால் சித்தப்பா தலையை ஆட்டுவார். "அசைக்கவே கூடாது. ஒட்டெல்லாம் விட்டுடும்."

போன வருஷம் அவள் முட்டி இரண்டும் வீங்கிப்போயின. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே தரையில குந்தினீங்கன்னா, எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்" என்றார். நான்தான் கூடப் போயிருந்தேன். படியேறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சித்தி சொன்னாள்:

"மேசையை விக்கணும்."

சித்தப்பா இழுப்பறைக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவள் முட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி" என்றார்.

வழியெல்லாம் அரைமணி நேரப் பேச்சைத் தயார் செய்து வந்திருந்தவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சரின்னா?"

"வித்துடலாம். ஆனா ஒழுங்கா விக்கணும்."

அந்த 'ஒழுங்கா'வில்தான் எல்லா வினையும் ஒளிந்திருந்தது. அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

விளம்பரம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. போனில் படம் எடுத்தேன். திரை மூடியிருந்ததால் குகைக்குள் எருமை படுத்திருப்பதுபோல் வந்தது. கெஞ்சிக் கூத்தாடியதும் சித்தப்பா ஆறு நிமிஷம் திரையை விலக்க ஒப்புக்கொண்டார். கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றார். 'பழைய பிரெஞ்சு எழுதுமேசை, மரப்பதிப்பு வேலை, நல்ல நிலை' என்று அடித்துக் காட்டினேன்.

"பழையதுன்னா எத்தனை வருஷம்? கீழ்ப்பாதி நூத்தம்பதுக்கு மேல. மேல்பாதி அவ்வளவு இல்ல. நல்ல நிலைன்னு யார் சொன்னது? அப்ப குறையெல்லாம் யார் எழுதறது?"

"விக்கறவங்க குறையை எழுதுவாங்களா சித்தப்பா?"

"வாங்கறவன் எழுத மாட்டானே. அவனுக்குத் தெரியாதே."

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் வரைபடத் தாளில் ஒரு பட்டியல் தயாராகிவிட்டது. 'பழுது விவரம்' என்று தலைப்பு. முத்துமுத்தான எழுத்தில் பதினேழு குறை. ஒவ்வொன்றுக்கும் சின்னப் படம், அம்புக்குறி, அளவு. சித்தி அதைப் படித்துவிட்டு என்னிடம் திரும்பி, "பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு, பொண்ணோட மெடிக்கல் ரிப்போர்ட்டை வாசல்ல ஒட்டி வைப்பாங்களாடி?" என்றாள். நான் பட்டியலைப் போடாமல், என் மூன்று வரியை மட்டும் போட்டேன்.

முதல் வாரத்தில் நூற்றுக்கு மேல் செய்தி. பாதிப் பேர் 'இருக்கா?' என்று கேட்டார்கள். 'இருக்கு' என்றதும் காணாமல் போனார்கள். ஒருத்தர் கடைசி விலை கேட்டார். முதல் விலை என்னவென்றே அவர் பார்க்கவில்லை. ஒருத்தர் தன் பழைய மோட்டார் சைக்கிளுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றார். ஒருத்தர் மேலே டிவி வைத்தால் தாங்குமா, ஒயருக்கு ஓட்டை போட்டுத் தருவீர்களா என்று கேட்டார். அதைச் சித்தப்பாவிடம் காட்டியிருக்கக் கூடாது. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

நேரில் வந்தவர்கள் அதற்கு மேல். ஓர் அம்மா வந்தவுடன் இழுப்பறைகளைப் பிடுங்கி, உள்ளே கையை விட்டு, பூவையெல்லாம் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். "இந்த மாதிரி மேசையில ரகசிய அறை கண்டிப்பா இருக்கும். எங்கேயாவது அமுக்கினா திறக்கும்." ஒன்றரை மணி நேரம் அமுக்கினார். பறவையின் கண்ணை அமுக்கியபோது சித்தப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் அந்த அம்மா, ஏதோ நாங்கள்தான் அறையைத் திருடி ஒளித்து வைத்ததுபோல் முறைத்துவிட்டுப் போனார். இன்னொருவர் குடும்பத்தோடு வந்து, மேசை முன் ஆளாளுக்கு நின்று படம் எடுத்துக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்து, "நாங்க வாங்கற ஐடியாவுல வரல" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர்கள் சின்னப்பையன் வெட்டி வைத்திருந்த கோட்டுத் துணிமேல் நடந்ததில் சித்தி இரண்டு முன்பாகத்தைத் திரும்ப வெட்ட வேண்டியதாயிற்று.

மூன்றாவது வாரம் உருப்படியான ஆள் ஒருவர் வந்தார். ஹோட்டல் முதலாளி. புது ஹோட்டலின் வரவேற்பறையில் வைக்க ஏதாவது தேடிக்கொண்டிருந்தார். மேசையைப் பார்த்ததுமே அவர் முகத்தில் விளக்கு எரிந்தது. விலை கேட்டார், சித்தி சொன்னாள், சரி என்றார். பேரம்கூடப் பேசவில்லை. சித்தி என் கையைக் கிள்ளினாள்.

அப்போது சித்தப்பா உள்ளே போய்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஒரு நிமிஷம். இதைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க."

"அதெல்லாம் எதுக்கு சார், எனக்குப் பிடிச்சுடுச்சு."

"பிடிக்கறது வேற, தெரிஞ்சு பிடிக்கறது வேற" என்று சித்தப்பா ஒன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தார். சித்தி இருமினாள். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்றாள். சித்தப்பா நிற்கவில்லை. பூட்டு பழசு இல்லை. நாற்பத்திமூன்று துண்டு அவர் கையால் போட்டது. பின்பலகை சாதா மரம். முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், சிரிக்கக்கூடச் செய்தார். பன்னிரண்டாவதில் நின்றார்.

"அது என்ன, மேலும் கீழும் வேறன்னு?"

"மேல இருக்கிற அலமாரியும் கீழ இருக்கிற மேசையும் ஒரே சாமான் இல்ல. வேற வேற இடத்துல செஞ்சது. பின்னால யாரோ ஒண்ணா சேத்துட்டாங்க. திருகாணி ஓட்டை ரெண்டுக்கும் பொருந்தல பாருங்க. பழைய சாமான் தொழில்ல இதுக்குக் கல்யாணம்னு பேரு."

முதலாளி எழுந்துவிட்டார். "ஒட்டுப்போட்டதை வாசல்ல வச்சா நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

பிறகு சித்தி பேசினாள். அன்று ஊசியைக்கூடக் கவ்வவில்லை.

"பொருந்தலையாம்! எந்தக் கல்யாணம் பொருந்தியிருக்கு? இந்த வீட்டுல நடந்தது பொருந்தியிருக்கா? மேல் பாதி ஒரு பக்கம், கீழ்ப் பாதி ஒரு பக்கமாத்தான் நாமளும் நின்னுட்டிருக்கோம், யாராவது லிஸ்ட் போட்டோமா? அந்த மனுஷன் பிடிச்சிருக்குன்னு சொன்னார், காதுல விழலையா? வீட்டுக்கு வந்த வாடிக்கையைத் துரத்தி விட்டுட்டு, பெரிய அரிச்சந்திரன்!"

"நாளைக்கு அவருக்குத் தெரிஞ்சா?"

"யார் சொல்லித் தெரியும்? அந்த மேசையா வாயைத் திறந்து சொல்லப்போகுது? வாய் இருக்கறது உங்களுக்கு மட்டும்தான்!"

சித்தப்பா பட்டியலை நாலாக மடித்தார். மடிப்பு ஓரம் சேரவில்லை என்று பிரித்துத் திரும்ப மடித்தார். அதைப் பார்த்ததும் சித்தி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். "இத்தனை வருஷம் எப்படி சித்தி பொறுத்துக்கிட்டே? என்னிக்கோ தூக்கி எறிஞ்சிருக்கலாமே?"

ஒரு பாத்திரத்தைத் தேய்த்து முடித்தாள். அப்புறம் சொன்னாள். "அது வந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்காது. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வந்துடுச்சு. இவர் படம் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கோப்பு அடுக்குற ரூம்ல உக்கார வச்சாங்க, ரிட்டயர் ஆகற வரைக்கும். சாயங்காலம் வந்து அந்த நாற்காலியில உக்காந்து கையைப் பாத்துட்டே இருப்பார். பேசமாட்டார். ஒரு மாசம் அப்படி. எனக்கு பயமா போச்சுடி. அப்புறம்தான் இந்தச் சனியனை வாங்கிட்டு வந்தார். முதல் துண்டை வெட்டி ஒட்டின அன்னிக்கு, 'பசிக்குது, என்ன இருக்கு'ன்னு கேட்டார். சரி, இருந்துட்டுப் போகட்டும்னு திரையை மூடினேன்." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அதுக்காக என் முட்டியையும் சேத்துக் கேட்டா எப்படி?"

அடுத்து வருகிறேன் என்றவர் பழம்பொருள் கடைக்காரர். சித்தி முன்யோசனையாக ஒரு காரியம் செய்தாள். அவர் வருகிற நேரத்துக்கு ஒரு மணி முன்னால் சித்தப்பாவை அவர் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பட்டியலைத் தையல் மிஷின் டிராயருக்குள் போட்டு மூடினாள்.

கடைக்காரர் வாசனை போட்டுக்கொண்டு, பளபளப்பான ஷூவோடு வந்தார். மேசையைச் சுற்றி இரண்டு நடை நடந்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். யாரோ செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"என்னம்மா இது, இப்படிக் கெடுத்து வச்சிருக்கீங்க."

"என்ன கெட்டுப்போச்சு?"

"இந்தப் பூவைப் பாருங்க." கூடையின் நடுவிலிருந்த பெரிய பூவைக் காட்டினார். "எவனோ கத்துக்குட்டி கை வச்சிருக்கான். தூக்கிட்டு நிக்குது பாருங்க. இந்த மாதிரி ஒட்டு வேலை இருந்தா மதிப்பே கிடையாது. அசல் வேலை எப்படி இருக்கும் தெரியுமா? இதோ, இந்தச் சிறகு. ஒவ்வொரு இறகும் எப்படி வெட்டியிருக்கான்! இதான் பழைய கை. இப்ப எவனுக்கும் வராது. மேசை முழுக்க இந்தச் சிறகு மாதிரி இருந்திருந்தா நீங்க கேக்கற விலையைக் கண்ணை மூடிட்டுக் கொடுத்திருப்பேன்."

அவர் சொன்ன விலை சித்தி கேட்டதில் கால்வாசி. நான் சித்தியைப் பார்த்தேன். அவள் முகம் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது. கால்வாசி விலை காரணமில்லை என்று எனக்குத் தெரிந்தது. கத்துக்குட்டி ஒட்டினது என்று அவர் சொன்ன பூ, பிரெஞ்சுக்காரர்கள் ஒட்டியது. சித்தப்பா அதைத் தொடவே இல்லை. அந்தச் சிறகோ, ஆபீசில் வேண்டாமென்று குப்பையில் போட்ட பழைய டி-ஸ்கொயரை, வரைபடத்துக்குக் கோடு போடும் கட்டையை, கொண்டுவந்து, தாள் மாதிரிச் சீவி, மூன்று மாசம் உட்கார்ந்து அவர் வெட்டியது. பதினொரு இறகு. ஒவ்வொன்றாக வெட்டியதும் சித்தியைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவளும் காஜா எடுத்துக்கொண்டே 'உம்' என்பாள்.

இப்போது பேசாமல் இருந்திருக்க வேண்டும். பேரம் பேசியிருக்க வேண்டும். சித்தி மிஷின் டிராயரைத் திறந்தாள்.

"அந்தச் சிறகை வெட்டின பழைய கை, இப்ப தங்கச்சி வீட்டுல உக்காந்து டிவி பாத்துட்டு இருக்கு."

"என்னம்மா?"

"என் வீட்டுக்காரர் வெட்டினது. நீங்க கத்துக்குட்டின்னு சொன்னீங்களே, அதுதான் அசல். இருங்க, எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டியலைப் பிரித்து, ஒன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அம்புக்குறி எங்கே காட்டுகிறதோ அங்கே விரலை வைத்து, "குனிஞ்சு பாருங்க" என்று அவரைக் குனியவைத்தாள்.

ஒன்பதாவது குறையில் கடைக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "அம்மா, நீங்க விக்கிறீங்களா, பாடம் நடத்துறீங்களா?"

"இன்னும் எட்டு இருக்கு."

அவர் இருக்கவில்லை. அவர் போனதும் சித்தி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "எனக்கும் பிடிச்சுக்கிச்சுடி இந்த வியாதி" என்றாள், அழுகிற குரலில்.

சித்தப்பா திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். "ஒண்ணும் ஆகல" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பறவையின் சிறகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "பன்னண்டாவதையும் படிச்சாளா?" என்றார்.

"அந்த லிஸ்ட்டையே போட்டுத் தொலை" என்றாள் சித்தி மறுநாள். "வர்றவன் தெரிஞ்சுட்டே வரட்டும். எனக்கு மாடிப்படி பெருக்கி மாளல." பதினேழு குறையையும் படம் பிடித்து விளம்பரத்தில் போட்டேன். குழாயை மூடியதுபோல் செய்திகள் நின்றன. மூன்று வாரம் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கோட்டு ஆர்டர் வந்துவிட, டாக்டர் பேச்சைக் காற்றில் விட்டுச் சித்தி மறுபடியும் தரையில் இறங்கினாள்.

பிறகு ஒரே ஒரு செய்தி வந்தது. 'பதினான்காவது குறையில் அளவு போடவில்லையே, ஏன்?'

சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. விட்டுப்போயிருந்தது.

கேள்வி கேட்டவர் ஓர் அம்மா, வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். சித்தப்பா வயது இருக்கும். வெட்டிய நரைமுடி, தோளில் ஒரு துணிப்பை, அதில் டார்ச்சும் பூதக்கண்ணாடியும் ரசமட்டமும். காப்பீட்டுக் கம்பெனியில் தீவிபத்து இழப்பை மதிப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். தரையில் பாதி தைத்த பதினொரு கோட்டு விரித்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி ஆள் வருவார். மதிப்பீட்டாளரம்மா துணியின் ஓரமாக ஒற்றைக்காலில் நடந்து மேசையடிக்குப் போய், அப்படியே அடியில் படுத்துவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து அடியிலிருந்து குரல் வந்தது. "பதினெட்டாவது ஒண்ணு இருக்கு."

"இருக்காது" என்றார் சித்தப்பா.

"இடது பின்னங்கால் குட்டை. யாரோ இழைச்சிருக்காங்க."

"நான் அளந்திருக்கேன். ரசமட்டம் வச்சுப் பாத்தேன். நேரா நிக்குது."

"தரை நேரா இருக்கான்னு பாத்தீங்களா?"

இரண்டு பேரும் மண்டியிட்டுத் தரையில் ரசமட்டத்தை வைத்தார்கள். அறையின் இந்த மூலை, அந்த மூலை. ஒருவர் அளவு சொல்ல ஒருவர் எழுதினார். தரையும் சாய்வு, காலும் குட்டை. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி, பதினோரு வருஷம் மேசை ஆடாமல் நின்றிருக்கிறது.

"ஆக, உங்க வீட்டுல மட்டும்தான் இது நேரா நிக்கும்" என்றார் அந்த அம்மா.

"எவ்வளவு சாய்வுன்னு சரியாப் பாத்துடலாம்" என்றார் சித்தப்பா. பத்து வருஷம் குறைந்ததுபோல் இருந்தது அவர் முகம். இருவரும் ஜன்னல் பக்கமாக அளந்துகொண்டே நகர்ந்தார்கள். அவர் ஒரு கால் ஒரு கோட்டின் முதுகில், அந்த அம்மாவின் ஒரு கால் இன்னொரு கோட்டின் கையில்.

"ரெண்டு பேரும் காலை எடுங்க!"

சித்தி கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "மணி ரெண்டாச்சு! எனக்கு அஞ்சு மணிக்குப் பதினொரு கோட்டு கொடுக்கணும்! தரை சாய்வா இருந்தா என்ன, செங்குத்தா இருந்தா என்ன, அதுல தவழறது நான்! என்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

மதிப்பீட்டாளரம்மா காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். சித்தியின் முட்டியில் சுற்றியிருந்த பட்டைத்துணியைப் பார்த்தார். மூடியிருந்த திரையைப் பார்த்தார், எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்தார். முப்பது வருஷமாக, எரிந்துபோன வீடுகளுக்குள் நடந்து பார்த்தவர், ஒரு அறையைப் பார்த்தால் கதை தெரிந்துவிடும்போல.

"உங்களுக்கு இந்த மேசையில என்னம்மா குறை?" என்று கேட்டார்.

"இது இங்க இருக்கறதுதான்."

"அதைச் சரி பண்ணிடலாம்" என்று அவர் பையைத் திறந்தார். விலையில் பதினெட்டாவது குறைக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டார். சித்தப்பாவே அது நியாயம் என்று சொல்லிவிட்டார். சித்தி அதற்கும் பல்லைக் கடித்தாள்.

போகும்போது படியில் வைத்து நான் கேட்டேன், இத்தனை குறை தெரிந்தும் ஏன் வாங்குகிறீர்கள் என்று. "இத்தனை வருஷமா எல்லாரும் என்கிட்ட எரிஞ்சுபோன சாமானோட பெருமையைத்தான் சொன்னாங்க. மூட்டைப்பூச்சிக் கட்டில்கூட எரிஞ்சதும் தேக்குக் கட்டில் ஆயிடும். குறையை எழுதி வச்ச சாமான் எப்படித்தான் இருக்கும்னு பாக்க வந்தேன்" என்றார். "நல்லாவே இருக்கு. என் ரூமுக்கு வெயிலும் வராது."

அந்தப் பதினொரு கோட்டை முடிக்க நானும் பொத்தான் தைத்தேன். சித்தப்பா இஸ்திரி போட்டார். ஐந்தே காலுக்குக் கொடுத்தோம்.

மேசையை எடுத்துப்போக ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்கள் வந்தார்கள். சித்தப்பா நாலு திருகாணியைக் கழற்றினார். மேலே இருந்த அலமாரி தனியாகக் கையோடு வந்தது. கீழ்மேசையைக் கம்பளியில் சுற்றி, படி வளைவில் ஒரு திருப்புத் திருப்பி, இறக்கிவிட்டார்கள். மொத்தம் பத்து நிமிஷம்.

"அசைக்கவே கூடாதுன்னு சொன்னீங்களே" என்றாள் சித்தி. அவள் குரல் பயங்கர அமைதியாக இருந்தது. "பதினோரு வருஷம்."

"அது... நிரந்தரமா எடுத்துட்டுப் போறதுன்னா பரவால்ல. அடிக்கடி நகர்த்தினாதான்..." என்று சித்தப்பா இழுத்துவிட்டு, அங்கே பொருத்திக்கொடுக்க வேண்டும் என்று வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தப்பித்தார்.

அவர் இல்லாத அந்தச் சமயத்தைச் சித்தி வீணாக்கவில்லை. தெருமுனைத் தச்சரைக் கூப்பிட்டு, இடுப்புயரத்தில் ஒரு ஒட்டுப்பலகை மேசைக்குச் சொல்லிவிட்டாள். "எந்த மரம், எப்படி ஜாயிண்ட்னு அவர் வந்து கேப்பார், பதில் சொல்லாதீங்க. நாளைக்கு வேணும்" என்றாள். மறுநாள் மத்தியானம் மேசை வந்தது. அன்றைக்கே நின்ற நிலையில் ஆறு சீருடை வெட்டினாள்.

சித்தப்பா நாலு நாள் அதிகம் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சித்தி வெட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். ஐந்தாம் நாள் அவர் எழுந்து வந்து, சுவரில் ஆணியில் தொங்கிய அட்டைகளில் ஒன்றை எடுத்தார். கோட்டின் தோள்பாகத்துக்கான மாதிரி அட்டை. இருபது வருஷமாக அதை வைத்துத்தான் சித்தி சாக்கட்டியால் கோடு போடுகிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓரமெல்லாம் தேய்ஞ்சிருக்கு. இடது தோளுக்கும் வலது தோளுக்கும் நாலு மில்லிமீட்டர் வித்தியாசம்."

"இருபது வருஷமா எந்த நர்ஸும் குறை சொல்லல."

"அவங்களுக்குத் தெரியாதே."

சித்தி டேப்பை எடுத்து அளந்தாள். நாலு இல்லை, ஐந்து. அதை அவரிடம் சொல்லவில்லை. "என்னமோ பண்ணுங்க" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது வாரத்துக்கு இரண்டு அட்டை புதிதாக வரைந்து வெட்டுகிறார். அளவு எழுதி, தேதி போட்டு, ஓட்டை குத்தி மாட்டுகிறார். தினம் ஒரு சண்டை. தையலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று அவர் ஒரு கணக்கு சொல்ல, "துணி என்ன உங்க நிலமா, அப்படியே கிடக்க? இழுத்தா வரும், துவைச்சா சுருங்கும்" என்று இவள் ஒன்று சொல்ல, நான் போகிறபோதெல்லாம் கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்கிறது.

போன மாதம் ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் நேரில் வந்து, இந்தத் தடவை கோட்டு தோளில் கச்சிதமாக உட்காருகிறது, இன்னும் அறுபது வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதைச் சித்தி என்னிடம் ரகசியமாகத்தான் சொன்னாள்.

"சித்தப்பாகிட்ட சொன்னியா?"

"வாயைத் திறந்துடாதே" என்றாள் அவசரமாக. "தெரிஞ்சா பேண்ட்டுக்கும் படம் போட உக்காந்துடுவார்."